வால் நட்சத்திர ஹாலி கப்பல் ஓட்டிய கதை

ஹாலி என்றாலே எல்லாருக்கும் வால் நட்சத்திரம்தான் ஞாபகம் வரும். எனக்கோ அவர் திசைகாட்டியைச் சோதிக்கக் கடலுக்குப் போன கதைதான் ரொம்பப் பிடிக்கும். அதையே எழுதுகிறேன்.

எட்மண்ட் ஹாலி 1656-ல் லண்டன் அருகே பிறந்தார். அப்பா சோப்பு செய்து விற்றவர். ஹாலி இருபது வயதில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய், தென்வானத்து நட்சத்திரங்கள் 341-ஐக் கணக்கெடுத்தார். நியூட்டனின் புகழ்பெற்ற புத்தகம் 1687-ல் அச்சானதும் இவர் கைக்காசில்தான்!

காந்த ஊசி வடக்கைக் காட்டும் என்று படிக்கிறோம். ஆனா அது பல இடங்களில் கொஞ்சம் கிழக்கேயோ மேற்கேயோ விலகித்தான் நிற்கும். நடுக்கடலில் சில பாகை தப்பினாலும் கப்பல் வழி மாறிப் பாறையில் மோதலாம். எவ்வளவு விலகியிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? சூரியனை வைத்துத்தான்! தேதியும் அட்சரேகையும் தெரிந்தால், சூரியன் எந்தப் பாகையில் உதிக்கும் என்று கணக்குப் போடலாம். மார்ச் 21 வாக்கில் அது நேர் கிழக்கு, அதாவது 90 பாகை. அன்று திசைகாட்டி 80 என்று காட்டினால், ஊசி 10 பாகை கிழக்கே விலகியிருக்கு என்று அர்த்தம்.

இதை அட்லாண்டிக் கடல் முழுக்க அளக்க, 1698-ல் 'பாரமோர்' என்ற சின்னக் கப்பலுக்கு ஹாலியைக் கேப்டன் ஆக்கினார்கள். அவர் கடற்படைக்காரர் இல்லை. அதனால் ஒரு அதிகாரி அவரை மதிக்கவே இல்லை, மாலுமிகள் முன்னாடியே ஏளனம் செய்தார். ஹாலி அவரை அறைக்குள் இருக்க வைத்துவிட்டு, தானே வழி பார்த்துக் கப்பலை ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்தார்!

1699-ல் மறுபடியும் கிளம்பினார். கப்பலில் வேலை பார்த்த ஒரு பையன் கடலில் விழுந்து இறந்துபோனான். அந்தத் துக்கம் ஹாலிக்குக் கடைசிவரை ஆறவில்லையாம். 1700 பிப்ரவரியில் தெற்கே மூடுபனிக்குள் பெரிய பெரிய பனிமலைகள்! மோதாமல் தப்பியதே பெரிசு. அப்படியும் அளப்பதை அவர் விடவில்லை.

1701-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். ஊசி ஒரே அளவு விலகும் இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைத்திருந்தார். அந்த விலகல் வருஷம் போகப் போக மாறும், அதனால் அந்தப் படம் இன்று உதவாது. ஆனா சூரியனை வைத்துத் திசைகாட்டியைச் சரிபார்க்கும் முறையை மாலுமிகள் இன்றும் படிக்கிறார்கள். கருவி காட்டுவதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கணும் என்பதுதான் நான் இவரிடம் கற்றுக்கொண்டது.

ஹாலி 1742-ல் இறந்தார். அவர் சொன்னபடியே வால் நட்சத்திரம் 1758-ல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அடுத்து 2061-ல் வரும். அப்போ நமக்கு ஐம்பது வயசு இருக்கும். அண்ணாந்து பார்க்கும்போது இந்தக் கப்பல் கதையையும் நினைச்சுக்கோங்க!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி