ஆணி பொறுக்கிய முதலாளி

டி.வி.எஸ். என்றதும் நம்ம பசங்களுக்கு டூ வீலர்தான் ஞாபகம் வரும். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர். முதல் எழுத்து அவர் பிறந்த திருக்குறுங்குடி, கடைசி எழுத்து சுந்தரம். டி.வி.சுந்தரம் ஐயங்கார், நெல்லைச் சீமையில் 1877-ல் பிறந்தவர்.

வக்கீல் தொழில், பிறகு ரயில்வே, பிறகு பாங்க் உத்தியோகம். மாசச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு மோட்டார் தொழிலில் இறங்கினார். 1911-ல் கம்பெனி, 1912-ல் மதுரையில் பஸ் சர்வீஸ். மாட்டு வண்டி ஓடிய மண் ரோட்டில் பஸ் விடுவதென்றால் சும்மாவா! மாட்டு லாடத்திலிருந்து கழன்ற ஆணி ரோடு பூராவும் கிடக்கும். டயர் பஞ்சரானால் பயணிகள் நடுவழியில் நிற்பார்கள். அதனால் காந்தம் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட விட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தாராம்! மதுரைப் பக்கத்துப் பெரியவங்க அவர் பஸ்ஸைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாம். பஞ்சரை ஒழிக்காமல் அந்த நேரம் தவறாமை வருமா?

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. 1942-ல் மலாயாவை ஜப்பான் பிடித்ததும் ரப்பரும் கிடைக்கவில்லை. பல முதலாளிகள் வண்டியை ஷெட்டில் போட்டார்கள். இவரோ டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் தயாரித்தார். கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வருகிற வாயுவை எஞ்சினுக்கு விடுவது! தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல் புதுப் பட்டன் ஒட்டும் ரீட்ரேடிங் தொழிற்சாலையும் தொடங்கினார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கப்பா கம்பத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். திராட்சை, காய்கறி ஏற்றி தேனிக்குப் போவார். எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பரீட்சைப் பணம் அந்த டீசலில் மிச்சமாவதுதான். காத்து குறைந்த டயர் உருளும்போது அதிகமாக நசுங்கி விரியும், சூடாகும், அந்தச் சூடு பூராவும் நம்ம டீசல்தான்! காரில் நாலு டயரிலும் 10 பாயிண்ட் குறைந்தால் ஏறத்தாழ 100 லிட்டருக்கு 2 லிட்டர் வீண். டயரின் ஓரமும் சீக்கிரம் தேயும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறாதபோதே அளக்கணும். குமுளி மலை ஏறி இறங்கிவிட்டு அளந்தால் காத்து கூடத்தான் காட்டும். அதை நம்பிப் பிடுங்கிவிடக் கூடாது. இதைச் சொன்னப்போ அப்பா, டயரை உதைத்துப் பார்த்தாலே தனக்குத் தெரியும் என்றார்! இப்போ பெட்ரோல் பங்க்கில் கேஜ் வைத்துப் பார்க்கிறார்.

மறுபடியும் ஐயங்காரிடம் வருவோம். சிறு வயதில் கணவரை இழந்த அவர் மகள் சவுந்தரம் டில்லியில் டாக்டருக்குப் படித்தார். திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமத்தை 1947-ல் உருவாக்கியது அவரும் அவர் மறுமணம் செய்த ஜி.ராமச்சந்திரனும்தான். எனக்கு கேஸ் பிளாண்டை விட இது பெரிசாப் படுது.

1955 ஏப்ரல் 28-ல் ஐயங்கார் கொடைக்கானலில் காலமானார். நம்ம பெரியகுளத்துக்கு மேலே தெரிகிற அதே மலைதான். 1972-ல் அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியபோது, அவர் கம்பெனியின் பஸ்களைக் கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது.