உறங்கும் கிருமியைக் கண்ட பிகர்

பெனிசிலின் என்றதும் பிளெமிங் பெயர் நம் நாவில் வருகிறது. அம்மருந்துக்குத் தப்பிய கிருமிகளை ஆராய்ந்த ஜோசப் வார்விக் பிகரை நம்மில் பலர் அறியோம்.

1891-இல் பிறந்த பிகர், அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக விளங்கினார். மாணவர்க்குப் பாடநூல் எழுதினார். அந்நாட்டு மேலவையிலும் அமர்ந்தார். ஆனால் 1944-இல் அவர் வெளியிட்ட சோதனையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகளுக்குப் பெனிசிலின் இட்டார். ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று சாகவில்லை. மருந்தை வென்ற புது இனமோ? தப்பியவற்றைப் பெருக்கி மீண்டும் மருந்திட்டார். அவற்றின் வாரிசுகள் முன்போலவே மடிந்தன. மறுபடியும் சிலவே எஞ்சின. கிருமி வளர்ந்து தன் சுவரைக் கட்டும்போதுதான் பெனிசிலின் அதைக் கொல்லும். வளராமல் உறங்கும் கிருமியை அது என்ன செய்யும்?

எங்கள் சிவகாசிப் பக்கத்தார்க்கு இது எளிதில் விளங்கும். நமத்த வெடி தீயை வென்ற வெடி அன்று; காய்ந்தால் வெடிக்கும்.

பிகர் 1951-இல் மறைந்தார். மருந்திடும் முன்பே சில கிருமிகள் அவ்வாறு உறங்கிக் கிடப்பதை 2004-இல் நுண்ணோக்கியிலேயே கண்டார்கள்.

காசநோய்க் கிருமியிலும் உறங்குபவை உண்டு. இருமல் நின்ற பின்பும் ஆறு மாதம் மருந்து தருவது அதனால்தான். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமாகலாம் எனக் காட்டியது. ஆனால் வீட்டில் யார் எண்ணிக் கொடுப்பது?

தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் என் பெரியப்பாவுக்கு இது மூன்றாம் மாதம். இருமல் இல்லை, மாத்திரை எதற்கு என்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரி மிதித்தவன் என்பதால் மாத்திரை அட்டை என்னிடம்தான் இருக்கிறது.