மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் மாமனிதர்

– இரண்டாமாண்டு, சிவில் பிரிவு



கல்லணையைக் கட்டியது யார் என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கரிகாலன் என்று சொல்லிவிடும். தாஜ்மகாலைக் கட்டியது யார்? அதுவும் தெரியும். ஆனால் சாக்கடையைக் கட்டியது யார் என்று யாராவது கேட்டதுண்டா? கேட்க மாட்டோம். சாக்கடை என்றாலே மூக்கைப் பொத்திக்கிட்டு நகர்ந்து போறதுதான் நம்ம வழக்கம். ஆனால் ஒரு சாக்கடையைக் கட்டி ஆயிரக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய சிவில் இன்ஜினியர் ஒருவர் இருந்தார். ஊர் லண்டன். பெயர் ஜோசப் பசல்ஜெட்.

நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

தையற்காரரின் பேரன்

1819-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி, லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் பசல்ஜெட் பிறந்தார். தாத்தா பிரான்ஸ் நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்த தையற்காரர். இளவரசருக்கே உடை தைக்கும் அளவுக்கு உயர்ந்தவர். அப்பா கடற்படை அதிகாரி. பேரன் இன்ஜினியர். ஊசியில் தொடங்கிய குடும்பம் மூன்றாம் தலைமுறையில் ஒரு நகரத்தையே தைத்துக் கொடுத்தது என்று சொல்லலாம்!

அந்தக் காலத்தில் நம்மைப் போல டிப்ளமோ, செமஸ்டர் எல்லாம் கிடையாது. ஒரு பெரிய இன்ஜினியரிடம் சேர்ந்து, கூடவே இருந்து தொழில் கத்துக்கணும். பசல்ஜெட், ஜான் மக்னீல் என்பவரிடம் சேர்ந்து, அயர்லாந்தில் நிலத்தில் தேங்கும் நீரை வடிக்கும் வேலையைப் படித்தார். 1842-ல் லண்டனில் தனியாக அலுவலகம் போட்டார். அது ரயில் பாதை மோகம் பிடித்து ஆட்டிய காலம். இரவு பகல் பாராமல் உழைத்ததில் 1847-ல் உடம்பும் மனசும் சேர்ந்து படுத்துவிட்டது. எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அரியர் வைத்ததும் வாழ்க்கையே போச்சு என்று உட்கார்ந்துவிடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படுத்தவர் எழுந்தார். 1849-ல் லண்டன் கழிவுநீர் ஆணையத்தில் உதவி சர்வேயராக வேலைக்குச் சேர்ந்தார். 1856-ல் மாநகரப் பணிகள் வாரியத்துக்குத் தலைமை இன்ஜினியர் ஆனார்.

நாறிய நதி

அன்றைய லண்டன் எப்படி இருந்தது தெரியுமா? இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்களின் கழிவு முழுக்கத் தேம்ஸ் நதியில்தான் போய் விழுந்தது. குடிதண்ணீரும் அதே நதியிலிருந்துதான் வந்தது! காலரா வராமல் என்ன செய்யும்? 1848–49-ல் லண்டனில் மட்டும் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள். 1853–54-ல் மறுபடியும் 10,000 பேருக்கு மேல்.

காலரா கெட்ட காற்றில் வருகிறது என்றுதான் பெரிய பெரிய டாக்டர்களே நம்பினார்கள். தண்ணீரில் வருகிறது என்று ஜான் ஸ்நோ என்ற டாக்டர் 1854-ல் ஒரு தெருவின் அடிபம்பை வைத்தே கண்டுபிடித்துச் சொன்னார். பலரும் ஏற்கவில்லை. பசல்ஜெட்டும் நாற்றத்தை விரட்டத்தான் திட்டம் போட்டார். காரணம் தப்பு. ஆனால் செய்த வேலை சரி!

திட்டம் மேசை மேலேயே கிடந்தது. பணம் ஒதுக்க ஆளில்லை. 1858 கோடையில் வெயில் கொளுத்த, நதி நாற ஆரம்பித்தது. நதிக்கரையில் இருந்த பாராளுமன்றத்துக்குள்ளே உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. ஜன்னல் திரைகளைக் குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழைகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது அசையாத சட்டம், ஆள்பவர்களின் மூக்கில் ஏறியதும் அசைந்தது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. வேலை தொடங்கியது.

மைலுக்கு இரண்டடி

திட்டம் இதுதான். தெருச் சாக்கடைகள் நதியில் விழுவதற்கு முன்னாலேயே, குறுக்கே பெரிய கால்வாய்களை மண்ணுக்கடியில் வைத்து மடக்கிப் பிடிப்பது. நகரத்துக்குக் கிழக்கே வெகுதூரம் கொண்டுபோய், கடல் வற்றும் நேரம் பார்த்து ஆற்றில் விடுவது. இந்தப் பிரதானக் கால்வாய்களின் நீளம் மட்டும் 82 மைல். செங்கல் 31 கோடிக்கு மேல்!

வாட்டம் எவ்வளவு தெரியுமா? மைலுக்கு இரண்டடிதான். 5,280 அடிக்கு 2 அடி! லெவல் பார்த்ததில் சில அங்குலம் தவறினாலும் தண்ணீர் தேங்கி, வண்டல் படிந்து, கால்வாயே அடைத்துக்கொள்ளும். சர்வே பிராக்டிகல்ல ஸ்டாஃப் ரீடிங்கைக் குத்துமதிப்பா எழுதுற நாம இதைக் கொஞ்சம் யோசிக்கணும். பல கால்வாய்களின் குறுக்குவெட்டு முட்டை வடிவம், கூர்முனை கீழே. தண்ணீர் குறைவாக வரும்போதும் அடிப்பக்கம் குறுகலாக இருப்பதால் வேகமாக ஓடும்; அழுக்கு தங்காது.

ஏழாம் நாள் பரீட்சை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

போர்ட்லாண்டு சிமெண்ட் அப்போது புதுச் சரக்கு. 1824-ல்தான் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியிருந்தார். தண்ணீருக்குள் நன்றாக இறுகும், பலமும் அதிகம். ஆனால் சூளையில் பக்குவம் தப்பினால் எதற்கும் உதவாது. இவ்வளவு பெரிய வேலைக்கு இதை நம்பலாமா என்று எல்லோரும் தயங்கினார்கள். பசல்ஜெட் கண்மூடி நம்பவும் இல்லை, பயந்து ஒதுக்கவும் இல்லை. சோதித்துப் பார் என்றார்!

அவருடைய உதவி இன்ஜினியர் ஜான் கிராண்ட் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஒப்பந்தத்திலேயே நிபந்தனையை எழுதினார்கள். ஒரு புஷல் சிமெண்ட் 110 பவுண்டுக்குக் குறையக் கூடாது. புஷல் என்பது நம்மூர் மரக்கால் மாதிரி ஓர் அளவு. நன்றாக வெந்த சிமெண்ட்தான் கனமாக இருக்கும். அடுத்து, அச்சில் வார்த்த கட்டியை ஏழு நாள் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றரை அங்குலச் சதுரக் குறுக்குவெட்டு 400 பவுண்டு, அதாவது 180 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். தாங்கலைன்னா சரக்கைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போ! சிபாரிசு, சமாதானம் எதுவும் செல்லாது.

நாம் லேபில் கியூப் வார்த்து ஏழாம் நாள் உடைத்துப் பார்க்கிறோமே, அந்த ஏழு நாள் கணக்கு அன்றே இருந்திருக்கிறது பாருங்கள்.

ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தல்

ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்து, மாலை போட்டு, சாவியைக் கொடுத்தால் வேலை முடிந்ததா? இல்லை. பம்ப், மோட்டார், குழாய், வயரிங், லிஃப்ட் எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்து, வரைபடத்தில் சொன்னபடி வேலை செய்யுதான்னு உடைமையாளர் சார்பில் சரிபார்த்து எழுதிக் கொடுக்கணும். அதற்குக் கமிஷனிங் என்று பெயர். நண்பர்களே, கமிஷன் வேறு, கமிஷனிங் வேறு!

பசல்ஜெட் காலத்தில் கட்டடத்துக்கு இப்படி ஒரு தனித் தொழில் கிடையாது. ஆனால் அதன் அருமையை லண்டன் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1865 ஏப்ரல் 4-ல் கிராஸ்னெஸ் பம்ப் நிலையத்தை இளவரசர் திறந்து வைத்தார். நான்கு ராட்சச நீராவி இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. நதிக்குத் தெற்கே இருந்த கழிவு வெளியேறியது. ஆனால் வடகிழக்குப் பகுதியில், கால்வாயின் கழிவை 30 அடிக்கு மேல் தூக்கிவிட வேண்டிய ஆபி மில்ஸ் நிலையம் இன்னும் முடியவில்லை. முக்கால்வாசி வேலை முடிந்திருந்தும் அந்தக் கடைசிக் கண்ணி இல்லாததால் அங்கே எதுவும் பயன்படவில்லை.

1866-ல் காலரா மறுபடியும் வந்தது. லண்டனில் 5,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எங்கே? அந்தக் கிழக்குப் பகுதியில்தான்! அங்கே ஒரு கம்பெனியின் குடிதண்ணீரில் கழிவு கலந்திருந்தது. கால்வாய் இணைந்த மற்ற பகுதிகள் பெரிய அளவில் தப்பின. தண்ணீரில்தான் காலரா வருகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் ஸ்நோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1858-லேயே இறந்துவிட்டார். 1868-ல் ஆபி மில்ஸ் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு லண்டன் நகரம் காலராக் கொள்ளைநோயைப் பார்க்கவே இல்லை.

குறையும் உண்டு

பெரியவர்களின் கதையில் குறையை மறைப்பது நம்ம ஊர் வழக்கம். நான் மறைக்கப் போவதில்லை. பசல்ஜெட் கழிவை நகரத்தை விட்டு நகர்த்தினாரே தவிர, சுத்தப்படுத்தவில்லை. 1878 செப்டம்பர் 3-ஆம் தேதி, பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் படகு, கழிவு திறந்துவிடப்படும் இடத்துக்கு அருகிலேயே இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். விழுந்தவர்கள் விழுந்தது தண்ணீரில் அல்ல, சாக்கடையில். அதன் பிறகுதான் கழிவிலிருந்து கசடைப் பிரிக்கும் ஏற்பாடு வந்தது. 1887 முதல் கசடைக் கப்பலில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு போனார்கள். கட்டியது வேலை செய்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அதனால் அடுத்த ஊர்க்காரன் என்ன ஆகிறான் என்றும் பார்க்கணும் என்பது இதில் இருக்கும் பாடம்.

பசல்ஜெட் 1875-ல் சர் பட்டம் பெற்றார். 1883-ல் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்துக்குத் தலைவரானார். தேம்ஸ் கரைச் சாலைகள், பட்னி, பேட்டர்சீ பாலங்கள் எல்லாம் அவர் கைவண்ணமே. 1891 மார்ச் 15-ஆம் தேதி காலமானார். ஜனத்தொகை பெருகி மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பி வழிந்ததால், 25 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுச் சுரங்கம் ஒன்றை 2025-ல் முழுமையாக இணைத்தார்கள். பழைய கால்வாய்களைத் தூக்கி எறியவில்லை. 150 வருஷம் தாண்டியும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

எங்க ஊர்த் தொட்டி

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். எங்கப்பா கொத்தனார். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். சில வருஷத்துக்கு முன் எங்க ஊரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். அப்பாவும் அதில் கூலிக்குப் போனார். இன்னும் நாலு நாள் தண்ணி ஊத்தி நனைய விடணும், நிரப்பி வச்சுப் பாத்துட்டுத்தான் பூசணும்னு அப்பா சொல்லியிருக்கிறார். கொத்தனாருக்கு என்ன தெரியும் என்று மேஸ்திரி அதட்டிவிட்டார். பெயிண்ட் அடித்து, ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்தார்கள். தண்ணீர் ஏற்றிய மூன்றாம் நாள் தொட்டியின் அடியெல்லாம் கசிந்தது. எங்கம்மா இன்னிக்கும் குடத்தோடு வயக்காட்டுப் பம்புசெட்டுக்குத்தான் போறாங்க.

தொட்டியை நிரப்பி, மட்டத்தைக் குறித்து, ஏழு நாள் விட்டு எவ்வளவு இறங்கியது என்று அளந்து பார்த்திருந்தால் போதும். அதற்குத் தண்ணீரும் ஒரு ஸ்கேலும்தான் செலவு. அப்பாவுக்குச் சோதனையின் பெயர் தெரியாது, ஆனால் சோதனை தெரியும். எனக்குப் பெயர் தெரியும். நாளைக்கு அந்த இடத்தில் நான் நிற்கும்போது வாய் திறப்பேனா என்பதுதான் எனக்குள்ளே ஓடுகிற கேள்வி.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சைட்டில் நிற்கப் போகிறோம். நம் கையெழுத்தை நம்பி ஒரு குடும்பம் அந்தக் கூரைக்குக் கீழே தூங்கும், ஒரு ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கும். ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். அதட்டினாலும் சொல்வோம்!