திசைகாணும் வலைக்குள் நூர் இனாயத் கான்

தொண்ணூறுகளில் தோஹா தொழில்பேட்டையின் தங்குமிடமொன்றில், பணி முடித்து வந்த நம்மவர்கள் இரவு வேளையில் வானொலிப் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பி ஊர்ச்செய்தி தேடியதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு பக்கம் திருப்பினால் குரல் ஓங்கும். மறுபக்கம் திருப்பினால் தேய்ந்துவிடும். அலை வரும் திசையை உணரும் அன்ரனாவின் இயல்பே இதற்குக் காரணம். நமக்கு ஆறுதல் தந்த இவ்வியல்பே இரண்டாம் உலகப் போரில் மனித வேட்டைக்கும் பயன்பட்டது. அவ்வேட்டையின் நடுவே நின்றவர் நூர் இனாயத் கான்.

1914 சனவரி 1ஆம் நாள் மொஸ்கோவில் பிறந்தவர் நூர். தந்தை பரோடாவைச் சேர்ந்த இசைவாணரும் சூஃபி ஞானியுமான இனாயத் கான், தாய் அமெரிக்கர். திப்பு சுல்தானின் வழிவந்த குடும்பம் அது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் அவர்தம் பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டதைத் தமிழர் அறிவர். பாரிஸ் நகரருகே வளர்ந்த நூர் சிறுவர் கதைகள் எழுதினார். ஜாதகக் கதைகளைக் கொண்ட அவரது நூல் 1939இல் வெளிவந்தது. மறு ஆண்டே ஜேர்மன் படைகள் பிரான்சினுள் நுழைய, குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் தப்பினார். அவரும் அகதியே.

அங்கு பெண்கள் துணை வான்படையில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி பயின்றார். 1943 யூன் மாதம் இரகசியமாகப் பிரான்சில் இறக்கப்பட்டார். பிரித்தானியா அவ்வாறு அனுப்பிய முதற் பெண் தந்தியாளர் அவரே. சில நாள்களிலேயே அவர் சார்ந்த வலையமைப்பினர் பலர் கைதாயினர். திரும்பி வர வாய்ப்பளிக்கப்பட்டும் அவர் மறுத்தார். தாம் அகன்றால் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடும் என அஞ்சினார்.

ஜேர்மனியர் வளைய வடிவ அன்ரனாக்களைக் கொண்டு தேடினர். வளையத்தைச் சுழற்றுகையில் ஒலி முற்றாகத் தேயும் நிலை, அலை வரும் கோட்டைக் காட்டிவிடும். இரண்டு மூன்று இடங்களிலிருந்து வரைந்த கோடுகள் வெட்டும் இடமே அனுப்புநரின் இருப்பிடம். பின்னர் மாறுவேட வண்டிகள் தெருத் தெருவாக நெருங்கும். நீண்ட நேரம் தந்தியடித்தால் மரணம் நிச்சயம். பெட்டியைச் சுமந்து வீடு மாறி, சுருக்கமாகச் செய்தியனுப்பி, நூர் ஏறத்தாழ மூன்றரை மாதங்கள் தப்பி வாழ்ந்தார்.

ஒக்ரோபரில் அவரைப் பிடித்துக் கொடுத்தது அன்ரனா அன்று; பணத்துக்காகச் செய்யப்பட்ட காட்டிக்கொடுப்பு. அனுப்பிய செய்திகளை அவர் எழுதி வைத்திருந்த ஏடும் பகைவர் கைக்குப் போனது. அதைக் கொண்டு அவர்கள் இலண்டனை ஏமாற்றியதால் மேலும் சிலர் வலையில் வீழ்ந்தனர். அத்தவறை நாம் மறைக்க வேண்டியதில்லை. இருமுறை தப்ப முயன்ற அவர் பின்னர் விலங்கிடப்பட்டுத் தனிச்சிறையில் மாதக்கணக்கில் வதைக்கப்பட்டார். 1944 செப்ரெம்பர் 13 அன்று டக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. 1949இல் பிரித்தானியா ஜோர்ஜ் சிலுவை விருதை அவருக்கு வழங்கியது.

கருவியின் கண்ணுக்குத் தப்பியவர் மனிதரின் கைக்குத் தப்பவில்லை. புலம்பெயர்ந்த நமக்கு இது புதிய செய்தியன்று. எனினும் அகதியாய் வந்த ஒருத்தி, பிறர் தொடர்பு அறுந்துவிடக் கூடாதென்று அபாயத்திலேயே தங்கினாள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.