கொதித்த எஞ்சின், கொட்டிய மழை

1909-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி. பொழுது விடியும் நேரம். பிரான்சில் கலே நகருக்கு அருகே உள்ள கடற்கரைக்கு ஒரு மனிதர் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்தார். காலில் தீக்காயம். நடக்கவே சிரமப்பட்ட அவர், சற்று நேரத்தில் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடக்கப்போகிறார்!

அவர்தான் லூயி பிளேரியோ. 1872-ல் காம்பிரே நகரில் பிறந்தவர். என்ஜினீயர் படிப்பு படித்து, மோட்டார் வண்டிகளுக்கு அசிட்டிலின் விளக்கு செய்து விற்று, நிறையச் சம்பாதித்தார். சம்பாதித்ததையெல்லாம் ஆகாயத்தில் கொட்டினார் என்றே சொல்லவேண்டும். சொந்தமாக ஒரு விமானம் செய்வார், அது விழுந்து நொறுங்கும், அடுத்ததை ஆரம்பிப்பார். மனைவி அலீசின் சீதனப் பணமும் கரைந்தது. கால்வாய்க்கரைக்கு வந்தது அவருடைய பதினோராவது மாதிரி.

அன்றைய விமானிகளுக்குப் பெரிய எதிரி எஞ்சின் சூடுதான். போட்டிக்கு வந்திருந்த லாதம் என்பவரின் விமானத்தில் 50 குதிரைசக்தி எஞ்சின். தண்ணீர் அதைக் குளிரவைத்து ஆவியாகும். அந்த ஆவி விமானத்தின் பக்கவாட்டுக் குழாய்களில் ஓடி மறுபடியும் தண்ணீராகும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் ஜூலை 19-ந் தேதி நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. மிதந்த விமானத்தின்மேல் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி கப்பலுக்குக் காத்திருந்தார் லாதம்!

பிளேரியோ தேர்ந்தெடுத்தது வேறு வழி. பாரிசில் மோட்டார் சைக்கிள் எஞ்சின் செய்துவந்த இத்தாலியர் அன்சானியிடம், மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வாங்கினார். 25 குதிரைசக்திதான். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர்ச் சுமையும் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் படும் காற்றுதான் அதைக் குளிரவைக்க வேண்டும். எண்ணெயும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு, சிலிண்டரின் அடித் துவாரங்கள் வழியே பின்னால் இருக்கும் விமானியின்மேல் தெறிக்கும். இன்று சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எண்ணெயைக் குளிரவைக்கத் தனிக் கூலர் வாங்கி, எங்கே மாட்டினால் காற்று நன்றாகப் புகும் என்று பார்க்கிறார்கள். பிளேரியோவுக்கு முகம் துடைக்கத் துணி போதும்!

காலில் காயம் பட்டதும் இந்தச் சூட்டினால்தான். ஜூலை 3-ந் தேதி துவே நகரில் பறந்தபோது, புகைக்குழாயைச் சுற்றியிருந்த கல்நார் கழன்றுவிட்டது. பூட்ஸ் கருகி, பாதம் வெந்தது. அப்படியும் அவர் இறங்கவில்லை; எஞ்சின் தானாக நின்ற பிறகே இறங்கினார்.

இப்போது கால்வாய். மணி 4-41. லாதம் தூக்கத்திலிருந்து எழவில்லை. பிளேரியோ கிளம்பிவிட்டார். கீழே ஒரு போர்க்கப்பலில் மனைவி அலீஸ் வந்துகொண்டிருந்தார். கப்பலைத் தாண்டியதும் மூடுபனி சூழ்ந்தது. சுமார் பத்து நிமிஷம் கரையும் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. திசைகாட்டியும் கிடையாது.

எஞ்சின் சூடேறித் திணறியதாகவும், அந்தச் சமயத்தில் மழை பெய்து அதைக் குளிரவைத்ததாகவும் வெகு காலமாகச் சொல்லிவருகிறார்கள். மழை எவ்வளவு உதவியதோ! சுமார் 37 நிமிஷம் எஞ்சின் நிற்கவில்லை என்பது நிச்சயம்.

டோவர் கோட்டைக்கு அருகே பலத்த காற்று. எஞ்சினை நிறுத்தி, விமானத்தைப் புல்வெளியில் போட்டார். சக்கரச் சட்டமும் விசிறியும் ஒடிந்தன. அவருக்குப் புதுக்காயம் இல்லை. டெய்லி மெயில் பத்திரிகையின் பரிசு ஆயிரம் பவுன் கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நூறு விமானங்களுக்குமேல் ஆர்டர் வந்து குவிந்தது. கரைந்த சொத்து திரும்பிவிட்டது!

1936 ஆகஸ்டில் பிளேரியோ காலமானார். கால்வாயைக் கடந்த விமானத்தைப் பாரிசில் உள்ள தொழிற்கலைக் காட்சிசாலையில் பாதுகாத்து வருகிறார்கள்.