சுமையைக் குறைத்த கரிவரதன்

பழைய மாருதி 800-ல பவர் ஏத்தணும்னு ஹெட்டைச் சீவக் காசு சேர்த்தவன் நான். என்னைத் தடுத்தது கோவை எஸ்.கரிவரதனின் வாழ்க்கை.

1954-இல் மில் முதலாளி குடும்பத்தில் பிறந்தவர். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சோழவரத்தில் கார்ப்பந்தயம் ஓட்டினார். இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயம் பழக, 796 சிசி மாருதி எஞ்சினை லேசான ஒற்றை இருக்கை வண்டியில் பொருத்தி ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். எஞ்சின் சின்னதுதான், இழுக்கும் சுமை அதைவிடக் குறைவு! 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டிப் பழகியவரே.

1995-இல் விமான விபத்தில் கரி மறைந்தார். கோவைப் பந்தயத்தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஹெட்டைச் சீவினால் கம்ப்ரெஷன் ஏறும். அளவு மீறினா நாக்கிங்தான். நானோ டிக்கி இரும்புச் சாமான்களை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவினேன். மாமல்லபுரம் ரோட்டில் வண்டி இப்போ திணறாம இழுக்குது!