அஞ்சல்வழி ஆசான் ஐசக் பிட்மன்

தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று அலுவலகப் பணியில் அமர்ந்தோர் பிட்மன் என்னும் பெயரை நன்கறிவர். சுருக்கெழுத்து முறையொன்றை வகுத்ததோடு, உழைத்துப் பிழைப்போர் இருந்த இடத்திலிருந்தே தொழிற்கல்வி பெறவும் அப்பெருமகனார் வழி திறந்தார்.

இங்கிலாந்து நாட்டில் நெசவுத் தொழிலால் பெயர்பெற்ற டிரோபிரிட்ஜ் என்னும் ஊரில், 1813ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் ஐசக் பிட்மன் பிறந்தார். 13 வயதளவில் பள்ளியை விட்டு நீங்கி, ஆலையொன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். எனினும் கற்பதை விட்டாரில்லை. 1831இல் இலண்டனில் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியாசிரியரானார். தாம் தழுவிய சமயக் கொள்கையின் பொருட்டுப் பணிநீக்கம் செய்யப்பட்டபோதும் அவர் உளந்தளராது, தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஒலியை அடிப்படையாகக் கொண்ட தம் சுருக்கெழுத்து முறையை 1837இல் நூலாக வெளியிட்டார்.

அக்காலத்தில் தொலைவு மிகுந்தால் அஞ்சற்கட்டணமும் மிகும். 1840இல் அக்கட்டணம் நாடு முழுவதும் ஒரே அளவாக ஒரு பென்னியாயிற்று. எளியோரும் கடிதம் எழுதலாயினர். பிட்மன் இவ்வாய்ப்பை உடனே பற்றிக்கொண்டார். தம் முறையின் விதிகளைத் தாளொன்றில் அடக்கி அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினார். கற்போர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதியனுப்புவர். அவற்றைப் பிழை திருத்தித் திருப்பியனுப்புவார். அதற்குக் கட்டணம் பெற்றாரில்லை. மாணவர் தொகை பெருகவே, திருத்தும் பணியைப் பகிர்ந்துகொள்ள 1843இல் ஒரு கழகமும் தோன்றியது. 1894இல் அரசியார் விக்டோரியா அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். 1897இல் பிட்மன் மறைந்தார்.

இளைஞர்களே! அன்று அஞ்சல் செய்த பணியை இன்று கைப்பேசி செய்கின்றது. நடுவணரசு 2017இல் தொடங்கிய 'சுவயம்' இணையத்தளத்தில் கல்லூரிப் பாடங்களையும் தொழில்சார் பாடங்களையும் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு. பகலெல்லாம் உழைப்போரும் இரவில் மாணவராகலாம். ஆயினும் பாடத்தைக் கண்ணாற் காண்பது மட்டும் கல்வியாகாது. பயிற்சியை எழுதுதல் வேண்டும். எழுதியதைத் திருத்துவார் ஒருவரும் வேண்டும். அத்துணையின்றி நம் பிள்ளைகளுட் பலர் இடைவழியில் நின்றுவிடுகின்றனர்.

ஆகவே, நம் சங்கத்தில் கற்றுப் பணியில் இருப்போர் ஒவ்வொருவரும் ஒரு மாணவரின் பயிற்சித்தாளைத் திருத்தித்தர முன்வருதல் வேண்டும். வெள்ளிவிழாவிற்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறில்லை.